ஒரு வரி போயிற்று

கவிதையில் பிழை கண்டால் என்ன செய்வது? இதற்கு நம் முன்னோர் வைத்திருந்த முறைகளைக் கேட்டால் இன்றைக்கும் வயிறு கலங்கும். பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவானாம். வில்லிபுத்தூரார் காதையே அறுத்து விடுவாராம். ஒட்டக்கூத்தரோ பிழைபடப் பாடியவர்களை இரண்டிரண்டு பேராகக் குடுமி முடிந்து தலையைச் சீவி விடுவாராம். இதையெல்லாம் சொல்கிற பழைய தனிப்பாடல், அப்படிப்பட்டவர்கள் இல்லாமற் போனதால்தான் கண்டவனெல்லாம் புலவன் என்று திரிகிறான் என்று அங்கலாய்க்கிறது. நடந்த கதையோ, கட்டிய கதையோ, புலவர்களின் உள்ளாசை என்னவென்று மட்டும் தெரிகிறது.

எங்கள் அம்பத்தூர்க் கவிதைக் கூட்டத்தில் நிலைமை இதற்கு நேர் எதிர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் கூடுவோம். ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் உண்டு. பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உட்காருகிறவர்களும் உண்டு. ஒருவர் படித்து முடித்ததும் "அருமை, அருமை" என்று நாலா பக்கமும் குரல் எழும். எழாமல் என்ன செய்யும்? அடுத்து நாம் படிக்கும்போது அந்த "அருமை" திரும்பி வர வேண்டாமா? கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரிதான்.

சில நாவல்களை அச்சில் ஏற்றியவன் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு அங்கே நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமக்காளம். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு ஏதாவது குறை சொல்லியாக வேண்டும் என்று தோன்றி விடுகிறது. அது நாற்காலியின் தோஷம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு மாலை, தொழிற்பேட்டையில் டர்னராக இருக்கும் இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கவிதை படித்தார். 1964-ல் தோன்றிய அந்தத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும், நான் ஒரு பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லேத்தில் உருக்கைக் கடையும்போது சீவிக்கொண்டு வருகிற சுருள் நீலமாகிக் காலடியில் விழுகிறது. ஊரில் அம்மா வேலியில் படர விட்ட சங்குப்பூ அவருக்கு நினைவு வருகிறது. இதுதான் கவிதை. "அருமை"கள் ஓய்ந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தம்பி, இரும்பு கறுப்பு. துருப்பிடித்தால் சிவப்பு. நீலம் எங்கிருந்து வந்தது? அழகுக்காகப் பொய்யை இழுத்துக்கொண்டு வரக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் லேசாகச் சிரித்து, காகிதத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

அன்றிரவு என்னை நான் சி. சு. செல்லப்பாவாகவே பாவித்துக்கொண்டு தூங்கினேன். 1959 ஜனவரியில் அவர் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியது விமரிசனத்துக்காகத்தான். ஆனால் அதிலே புதுக்கவிதை தழைத்தது. பசுவய்யா, சி. மணி, வைத்தீஸ்வரன், கடல் கடந்து திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு எல்லோரும் அங்கே எழுதினார்கள். அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவது விமரிசனம் ஆகாது, படைப்பை அலசிப் பார்த்துக் காரணம் காட்ட வேண்டும் என்பது செல்லப்பாவின் பிடிவாதம். நான் அவருடைய கண்டிப்பை எடுத்துக்கொண்டேன். அலசலை விட்டு விட்டேன்.

மூன்று மாதம் கழித்து எனக்கும் கவிதை எழுதும் சபலம் வந்தது. தொழிலாளியைப் பற்றித்தான். ஓடுகிற லேத்தின் முன்னால் கையுறை அணிந்து நிற்கிறான் என் கதாநாயகன். படித்து முடித்தேன். மற்றவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த "அருமை" எனக்குத் தாராளமாகக் கிடைத்தது. அந்த இளைஞர் மட்டும் எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். அவர் லேத்தை நிறுத்திவிட்டுத்தானே கையுறை போடுகிறார்?"

நான் தப்பித்துக்கொள்ள வாசலைத் திறந்து வைத்துத்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அது அப்போது புரியவில்லை. "இல்லையே, லேத் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்றேன்.

"அப்படியானால் அவர் கை போய்விடும் சார். ஓடுகிற லேத்தில் கையுறை கூடாது. நுனி மாட்டினால் சுழலுகிற இரும்பு கையோடு இழுத்துக்கொள்ளும். சட்டைக் கையைக்கூட மடித்து விட்டுக்கொண்டுதான் நிற்போம். வெறுங்கை என்று போட்டுவிடுங்களேன். சுருள் கீறிய தழும்பு இருக்கும்."

குட்டவில்லை, காதை அறுக்கவில்லை. கவிதை நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. தாம் தடுக்கி நின்ற இடத்தை விரல் வைத்துக் காட்டினார், காரணம் சொன்னார், கையோடு ஒரு தழும்பையும் கொடுத்தார். என் கவிதையில் இப்போது தேறுகிற வரி அந்தத் தழும்பு ஒன்றுதான்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டேன்: "அந்த நீலம்... நிஜந்தானா, தம்பி?"

"ஆமாம் சார். வேகமாக ஓட்டிக் கடைந்தால் சூடு ஏறி, சுருள் நீலமாகத்தான் வந்து விழும். பார்க்க நன்றாக இருக்கும்."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டேன் சார்."

ரயில் ஒன்று கடந்து போயிற்று. அது போகிற வரைக்கும் இருவரும் பேசவில்லை. பிறகு நான், "அதை அப்படியே வைத்துக்கொள், மாற்றாதே" என்றேன்.

"போன மாதமே ஒரு சிற்றிதழில் வந்துவிட்டது சார்" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். கறுத்த சுருள் காலடியில் விழுந்தது. சங்குப்பூ இல்லை, நீலம் போன பிறகு அதற்கு அங்கே என்ன வேலை? பக்கத்தின் மேல் மூலையில், "திருத்திக் கொடுத்த சாருக்கு, அன்புடன்" என்று பேனாவால் எழுதியிருந்தார்.