குடியும் கவறும்

தமிழாசிரியர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து இருபது முகக் கவறு உருட்டினார் என்றால் கேட்போர் நகைப்பர். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் ஆலத்தியூரில் நம் மாலைப் பொழுதுகள் அவ்வாறுதான் கழிந்தன. சென்னையில் பொறியியல் பயிலும் நம் தமக்கை மகன் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தைக் கொண்டுவந்து தெருப் பிள்ளைகள் நால்வரைச் சேர்த்துக்கொண்டான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகி அதனுள் நடமாட, 'இவன் சுவரைத் தாண்டினானா, விழுந்தானா' என்னும் ஐயம் எழும் இடத்தில் கவறு தீர்ப்புச் சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ஆக்கி வெளியிட்டது. பலகையும் காயும் கட்டாயமில்லை. எனினும் நம் பிள்ளைகள் சுண்ணாம்புக்கல் பூமியில் பொறுக்கிய கிளிஞ்சல் கற்களைக் காய்களாக வைத்துக்கொண்டனர். ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கே கடல் இருந்ததன் மிச்சம் அவை.

அவ்வாட்டத்தில் 'பார்ட்' என்றொரு வகையினன் உண்டு. இசைத்துப் பாடுபவன், பெயர் கெல்த்திய மரபிலிருந்து வந்தது. அவன் பாட்டால் ஊக்கம் பெற்றவர் ஒரு கவறு கூடுதலாக உருட்டிக்கொள்ளலாம்.

"மாமா, இவனை நம்ம பாணனா மாத்திக் குடுங்களேன்" என்றான் மருகன்.

பாணர் பாட்டைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டுக் கைலாசபதி 1968இல் எழுதிய நூலை வகுப்பில் விளக்கியவர்கள் நாம். இஃது ஒரு மாலை வேலை என்று எண்ணினோம். பெயரை மாற்றுவதால் மட்டும் ஒருவன் பாணனாகிவிட மாட்டான் என்பது இரண்டாம் நாள் விளங்கிற்று. 'பார்ட்' பிறருக்கு ஊக்கம் தருகிறான். நம் பாணனோ வழி சொல்கிறான். பரிசில் பெற்று மீள்பவன், எதிரே பசியோடு வரும் மற்றொருவனுக்குத் தான் சென்ற வழியையும், இடையில் உண்ணக் கிடைப்பவற்றையும், வள்ளலின் இயல்பையும் எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. ஆகவே விதியை இவ்வாறு அமைத்தோம்: பாணன் தான் முன்பு நடந்து மீண்ட வழியைப் பற்றி மட்டுமே சொல்லலாம், கேட்டவர் அவ்வழியில் இருமுறை கவறு உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளலாம், பாணன் தனக்கென இதைப் பயன்படுத்தலாகாது. "பவர் ரொம்பக் கம்மி மாமா" என்று மருகன் முகம் சுளித்தான். மூன்று இரவு ஆடிய பின், பாணன் வந்து சேரும்வரை பிள்ளைகள் ஆட்டத்தைத் தொடங்க மறுத்தனர்.

மறவனுக்குப் பூ வைத்தோம். வெட்சி சூடியவன் ஓசையின்றி ஆநிரை கவரலாம்; கரந்தை சூடினால் மீட்கலாம்; நொச்சி சூடியவன் நின்ற இடம் பெயராதவரை அவனை வீழ்த்துவது அரிது. ஓர் இரவு உறங்கி எழுந்தால் பூவை மாற்றிக்கொள்ளலாம். தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்குள் அடக்குவாரே என்று இலக்கணம் பயின்ற நண்பர்கள் வழக்குத் தொடுக்க வேண்டா. ஆட்டத்தின் பொருட்டு வெண்பாமாலைக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டோம்.

பிழை நேர்ந்தது அடுத்த பக்கத்தில்தான். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பாத்திரம் எந்த இனத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்து ஆற்றல் எண்கள் கூடும். குள்ளர்க்கு உடலுறுதி 2 கூடும். எல்ஃப் என்னும் வனத்தார்க்கு விரைவு 2 கூடும். நாம் இனத்தின் இடத்தில் குடியை வைத்தோம். எயினர்க்கு வில், பரதவர்க்கு நீச்சல், ஆயர்க்குப் பொறுமை. துடியும் பறையும் முழக்கும் குடிகளுக்கு உடல்வலி 2 கூட்டி, ஆட்டம் ஒரு பக்கம் சாயாதிருக்க அறிவில் 2 குறைத்தோம். நள்ளிரவில், தேநீர் அருந்திக்கொண்டே, எவ்விதக் கூச்சமுமின்றி எழுதினோம்.

மறுநாள் அத்தாளை வாங்கிப் படித்த பிள்ளைகளுள் ஒருவன் பறையிசைக் கலைஞரின் மகன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டான்:

"ஐயா, பறை அடிக்கிறவனுக்கு அறிவுல ரெண்டு கொறைச்சது, புத்தகத்துலயே இருந்துச்சா, நீங்க போட்டதா?"

புத்தகத்தில் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. புறநானூற்று 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் அக்குடிகளைப் பெருமையோடுதான் எண்ணுகிறார். கல்வியின் முன் பிறப்பு தாழும் என்னும் 183ஆம் பாட்டை ஆண்டுதோறும் நடத்தித் தேர்வில் வினாவாகவும் கேட்டிருக்கிறோம். "நாம் போட்டதுதான்" என்றோம். வேறு சொல் வரவில்லை.

ஆட்டத்தை ஆக்கியவர்களுக்கும் இக்கறை உண்டு. 1974இன் முதற்பதிப்பில் குள்ளனாகப் பிறந்த போர்வீரன் ஆறாம் படிக்கு மேல் ஏறலாகாது. மனிதனுக்கு அத்தடை இல்லை. கூட்டல் எண்களை விரும்பிய ஆற்றலுக்கு மாற்றிக்கொள்ள 2020இல் வெளிவந்த துணைநூல் இடம் தந்தது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அவை பிறப்பை விட்டு, வளர்ந்த பின்னணிக்கும் பழகிய தொழிலுக்கும் மாறிவிட்டன. ஐம்பது ஆண்டு ஆயிற்று. (1977இலேயே அவர்கள் இராக்கதனுக்குப் புலித்தலை வைத்துவிட்டார்கள் என்பது தனிக் கதை.) 2023 சனவரியில் அடிப்படை விதிகளின் தொகுப்பொன்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டதால், அவற்றின்மேல் எவரும் தம் நிலத்துப் பாத்திரங்களைப் படைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆண்டு அந்நிறுவனமே வெளியிட்ட ஒரு தொகுப்பில், வங்கத்தின் ஆற்றுநிலத்தை ஒத்த நாடொன்றை மிமி மண்டல் எழுதியிருந்தார். அது நமக்குத் துணிவு தந்தது.

குடிப் பட்டியலைக் கிழித்தோம். மெய்ப்பாட்டியலை மீண்டும் புரட்டியபோது, பெருமிதம் பிறக்கும் இடமாகத் தொல்காப்பியர் கூறும் நான்கும் கண்ணில் பட்டன: கல்வி, தறுகண், புகழ், கொடை. நான்கில் ஒன்றேனும் பிறப்பால் வருவதன்று. ஆட்டத்தின் ஆறு ஆற்றல்களை எடுத்துவிட்டு இந்நான்கையும் வைத்தோம். அதே இயலில் காதலர்க்குரிய பத்துப் பொருத்தங்களைச் சொல்லுமிடத்தில் பிறப்பும் குடிமையும்தான் முன்னிற்கின்றன என்பதை மறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதையும் சொன்னோம். "அதை எடுத்துக்க வேணாம் ஐயா" என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர்.

புதிய விதிப்படி ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூன்று கவறு உருட்ட வேண்டும். எண் 3 முதல் 18 வரை அமையும். முன்பு கேட்ட பிள்ளை பாணனைத் தேர்ந்தான். கொடைக்கு 16 விழுந்தது. கல்விக்கு 7. நமக்கு முகம் வாடிற்று. மறுபடியும் உருட்டிக்கொள்ளச் சொன்னோம்.

"வேணாம் ஐயா, இது தாயக்கட்ட போட்டது" என்று எழுதிக்கொண்டு, தன் கிளிஞ்சல் கல்லை எடுத்து வைத்தான்.