மலை மண்ணின் புளிப்பு

சாதாரண தர விஞ்ஞானத்தில் 'அமிலங்கள், மூலங்கள், உப்புகள்' என்ற அலகை எங்கள் தோட்டப்புறப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். அமிலம் புளிக்கும், நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்கும், மகனீசியம், நாகம் போன்ற உலோகங்களோடு சேர்ந்தால் ஐதரசன் வரும், காபனேற்றோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வரும், மூலத்தோடு சேர்ந்தால் உப்பும் நீரும் உண்டாகும். எல்லாம் சரி. "அமிலத்தை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் மட்டும், அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் போத்தலைக் கைகாட்டுவார்கள். காலையில் அவர்கள் மிதித்து வந்த மலையே அமில மலை என்பதை அந்த அலகு அவர்களுக்குச் சொல்வதில்லை. பல வருடங்களாக விஞ்ஞானம் படிப்பித்துவரும் எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

தேயிலை புளித்த மண்ணில்தான் செழிக்கும். மண்ணின் பீ.எச். பெறுமானம் 4.5இலிருந்து 5.5 வரை இருப்பது அதற்கு நல்லது. 1909இல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்துத் தந்த இந்த அளவில் ஒரு படி இறங்கினால் ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்கு கூடிவிடும். 5.5இல் இருந்த மண் 4.5க்கு வந்துவிட்டது என்றால் பார்வைக்கு ஒன்றுதான் குறைந்திருக்கிறது. புளிப்போ பத்து மடங்காகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இதை இலக்கத்தில் விளக்குவதைவிடத் தோட்டத்தைக் காட்டி விளக்குவது எளிது.

மண் ஏன் புளிக்கிறது? மலையில் பெய்யும் மழை கல்சியத்தையும் மகனீசியத்தையும் கழுவிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது ஐதரசனும் அலுமினியமும். போதாக்குறைக்கு நாம் போடும் உரமும் சேர்ந்துகொள்கிறது. அமோனியம் சல்பேற்றிலும் யூரியாவிலும் இருந்து வரும் அமோனியத்தை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது ஐதரசன் அயன்கள் வெளிவருகின்றன. கொழுந்து கூட வேண்டும் என்று போடும் உரமே வருடத்துக்கு வருடம் மண்ணைப் புளிக்க வைக்கிறது.

புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்களைத் தாக்கும். பெரும்பாலான பயிர்களுக்கு அது நஞ்சு. தேயிலையோ அதை உறிஞ்சி முற்றின இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு வாழப் பழகிய செடி. நுவரெலியாவில் கோவாவும் லீக்ஸும் கரட்டும் போடுகிறவர்கள் சுண்ணாம்பு தூவிப் புளிப்பைத் தணிக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலை அதே புளிப்பில் தளிர்க்கிறது. பங்களாத் தோட்டத்து ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் நீலமாக இருப்பதற்கும் கரைந்த அலுமினியமே காரணம். புளிப்பில்லாத மண்ணில் நட்டால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். பாசிச்சாயத்தாள் சொல்லும் செய்தியை ஒரு பூச்செடி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

தேயிலைக்கும் புளிப்பு அளவோடுதான் இருக்க வேண்டும். அதனால்தான் கவ்வாத்துக் காலத்தை ஒட்டி மலைக்கு டொலமைட் போடுகிறார்கள். கண்டி, மாத்தளைப் பக்கத்துப் பாறையை அரைத்த வெள்ளைத் தூள் அது; கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. மண்ணின் அமிலத்தோடு அது தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் முடிகிறது. கூடவே மழை கழுவிக்கொண்டு போன கல்சியமும் மகனீசியமும் மண்ணுக்குத் திரும்பக் கிடைக்கின்றன. இலையின் பச்சையத்துக்கு நடுவில் இருப்பது மகனீசியம்தான். டொலமைட்டின் அளவு மிஞ்சினால் மண்ணின் புளிப்பு தேவைக்கு மேல் குறைந்து செடி வாடும். எனவே மண்ணைச் சோதித்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கிய காலம் முதல் செய்துவரும் வேலைகளில் இந்த மண் ஆராய்ச்சியும் ஒன்று.

இதை வகுப்பில் செய்து காட்டுவது கடினமல்ல. வெற்றிலை போடும் பாட்டி வீட்டில் இருந்தால் சுண்ணாம்பும் இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்து, கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் வடித்தால் அதுதான் சுண்ணாம்பு நீர். ஒரு சோதனைக்குழாயில் முட்டைக்கோதும் இன்னொன்றில் டொலமைட் தூளும் போட்டு, ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விடச் சொல்வேன். முட்டைக்கோது உடனே நுரைக்கும். டொலமைட் தயங்கித் தயங்கித்தான் குமிழி விடும். குழாயைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கினால் வேகம் பிடிக்கும். வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் அது பால்போலக் கலங்கும். இப்படிச் செய்து காட்டிய ஒரு நாள், டொலமைட் ஏன் மெதுவாகத் தாக்கமுறுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டது. "உங்கள் அப்பா இன்றைக்குப் போட்டுவிட்டு நாளைக்கே பலன் பார்க்கிறாரா?" என்று திருப்பிக் கேட்டேன். இல்லை, மாதக்கணக்காகும் என்று பதில் வந்தது. தாக்கவீதம் என்ற பாடத்துக்கு அந்த வகுப்பு தானாகவே வந்து சேர்ந்துவிட்டது.

பாசிச்சாயத்தாள் இல்லையென்றால் சாயத்தண்ணி இருக்கிறது. பால் கலக்காத தேத்தண்ணியில் தேசிக்காய் பிழிந்தால் கடும் செம்மை மாறி வெளிறும். அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் கறுத்துப்போகும். சாயத்துக்கு நிறம் தரும் பொருட்கள் தாமே மென்னமிலங்கள் என்பதால் இப்படி நடக்கிறது. செவ்வரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் இன்னும் தெளிவான காட்டி கிடைக்கும்: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை.

வீட்டிலேயே கிடைக்கிறது என்பதற்காக அமிலத்தைச் சாதாரணமாக எண்ணவும் விடக்கூடாது. லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் தொலைக்காட்சி பார்க்கக் கார் பெற்றறியைத் தோளில் சுமந்துபோய் சார்ஜ் செய்துவந்தவர்களின் சட்டையில், சல்பூரிக் அமிலம் பட்ட இடங்கள் ஒரு தோய்ப்புக்குப் பிறகு ஓட்டையாகியிருந்ததை எங்கள் தலைமுறை அறியும். தேசிக்காயும் அமிலம், பெற்றறித் தண்ணீரும் அமிலம். இரண்டையும் பிரிப்பது வன்மையும் செறிவும். செறிந்த அமிலத்துக்குள் ஒருபோதும் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீருக்குள் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடு என்ற விதியைக் காரணத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்: கலக்கும்போது எழும் வெப்பம் அமிலத்தைத் தெறிக்கவைக்கும், கண் போனால் வராது.

ஆய்வுகூட வசதி போதாத பாடசாலைகள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு ஆய்வுகூடமும் பயிற்சி பெற்ற விஞ்ஞான ஆசிரியர்களும் கிடைக்கத்தான் வேண்டும். அது அரசின் கடமை, கேட்பது நம் உரிமை. மண்ணும் டொலமைட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பும் தேத்தண்ணியும் அதற்கு மாற்று என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அதேநேரம், அது வரும்வரை பாடத்தை வெறும் மனனமாக விட்டுவைக்கவும் கூடாது. கவ்வாத்து மலையில் முகமெல்லாம் வெள்ளையாக டொலமைட் தூவிவிட்டு வரும் பெற்றோர் செய்வது நடுநிலையாக்கல் தாக்கம். தன் தாய் தகப்பன் செய்யும் வேலைக்குள் இரசாயனம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, விஞ்ஞானம் தனக்கு எட்டாத பாடம் என்று ஒதுங்காது. மலையகத்து விஞ்ஞான ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த அலகைத் தொடங்கும் நாளில், ஒவ்வொரு பிள்ளையையும் தன் தோட்டத்து மண் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொல்லுங்கள்.