அம்மாவின் 'சும்மா'வும் 93-ம் நம்பரும்

போன மாசம் அம்மாவை லஸ் பக்கத்துல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன். வலது கை மணிக்கட்டு வலி. ராத்திரியில கட்டைவிரல்லேர்ந்து மூணு விரல் மரத்துப் போகுது, காலைல காபி டம்ளரைப் பிடிக்க முடியல. டாக்டர் கையை மடக்கி, நீட்டி, தட்டிப் பாத்துட்டு, "என்ன வேலைம்மா செய்றீங்க?"ன்னு கேட்டார்.

"வேலையெல்லாம் இல்ல சார், வீட்ல சும்மாதான் இருக்கேன்."

டாக்டர் தலையாட்டிட்டு எழுதிக்கிட்டார். நானும் பக்கத்துல கல்லுப்பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தேன்.

அந்த 'சும்மா' என்னன்னு சொல்றேன். (கொசுவத்தி சுத்திக்குங்க.) அப்பா பாண்டி பஜார்ல ஒரு புடவைக் கடையில கணக்கு எழுதினார். சாயங்காலம் டிவிஎஸ் 50-ல வரும்போது பின்னாடி ஒரு மூட்டை வரும். ஃபால்ஸ் அடிக்க வேண்டிய புடவைங்க. ஒரு ஓரம் மெஷின்ல ஓட்டிடலாம், இன்னொரு ஓரம் கையாலதான் ஹெம்மிங் பண்ணணும், தையல் வெளியில தெரியக்கூடாது. மயிலாப்பூர்ல ஒரே ரூம் வீடு. நானும் தங்கச்சியும் தூங்கின அப்புறம் அம்மா ட்யூப்லைட்டுக்குக் கீழ உக்காந்து தைப்பாங்க. தீபாவளி சீசன்னா ராத்திரி ஒண்ணரை, ரெண்டு. இருபது வருஷத்துக்கு மேல. என்னோட இஞ்சினியரிங் ஃபீஸ்ல எத்தனை செமஸ்டர் அந்த ஊசியிலேர்ந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். ஆனா காலேஜ் அப்ளிகேஷன்ல தாயார் தொழில்ங்கற இடத்துல 'இல்லத்தரசி'ன்னு எழுதினது நான்தான். என் கையெழுத்து.

இப்ப ஒரு சின்ன ரூட் மாறுறேன். நான் காலேஜ் போற வழியில, திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு காந்தி நகர்ல, 'மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ்'னு ஒரு போர்டு இருக்கும். டெவலப்மெண்ட்ன்னு இருக்கே, கோடிங் சொல்லிக் குடுப்பாங்க போலன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். சிரிக்காதீங்க :-) யுனெஸ்கோவுல பெரிய பதவியில இருந்துட்டு ஊர் திரும்பின மால்கம் ஆதிசேசய்யா 1971-ல ஆரம்பிச்ச பொருளாதார ஆய்வு நிறுவனம் அது. டாக்டர்கிட்ட நடந்ததை எகனாமிக்ஸ் படிச்ச நண்பன்கிட்ட புலம்பினப்ப, அவன் "அந்த போர்டுக்குப் பின்னாடி ஒருத்தங்க வாழ்க்கை பூரா இதைத்தான் கேட்டுட்டிருந்தாங்க, படி"ன்னு நாலஞ்சு கட்டுரை அனுப்பினான்.

பத்மினி சுவாமிநாதன். அங்க பேராசிரியரா, இயக்குநரா இருந்தவங்க. அப்புறம் ஹைதராபாத்ல டாட்டா சமூக அறிவியல் கழகத்துலயும் வேலை பாத்தாங்க. இவங்க எங்க ஆரம்பிச்சு எங்க வந்தாங்கங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1990-கள்ல மெட்ராஸ் மாகாணத்துல தொழில் வளர்ச்சி பத்தி எழுதியிருக்காங்க. வெள்ளைக்காரன் காலத்து ஜெயில்களையே ஃபேக்டரியா நடத்தின கதையை எழுதியிருக்காங்க. அப்படியே ஃபேக்டரியை விட்டு வெளியே வந்து, கணக்குல வராத வேலை, அதைச் செய்ற பொம்பளைங்களோட உடம்பு, அவங்க குடும்பம்னு போயிட்டாங்க.

1996-ல ஒரு ஆய்வுத்தாள். தலைப்பைத் தமிழ்ல சொன்னா 'வெற்றியின் தோல்விகள்?' - கேள்விக்குறியோட. தமிழ்நாட்டுல பிறப்பு விகிதம் சரசரன்னு இறங்கிடுச்சு, கேரளாவுக்கு அடுத்து நாமதான்னு எல்லாரும் கைதட்டிட்டிருந்த நேரம். இவங்க கேட்டது, குழந்தை எண்ணிக்கை குறைஞ்சா அம்மாக்கள் வாழ்க்கை தானா நல்லாயிடுச்சுன்னு அர்த்தமா? கேள்வி இன்னும் பழசாகல. 2019-21 தேசிய குடும்பநல சர்வேயில நம்ம மாநிலத்துல சராசரி குழந்தை எண்ணிக்கை 1.8. ஆனா பாதிக்கு மேல பெண்களுக்கு ரத்தசோகை. அம்மாவுக்கு அன்னிக்கு எடுத்த ரத்த டெஸ்ட்ல ஹீமோகுளோபின் 8.9. அவங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "நான் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தாண்டா"ன்னாங்க.

2004-ல இன்னும் மூணு பேரோட சேர்ந்து சத்துணவுத் திட்டம் பத்தி எழுதினதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்துணவைத் தொட்டா நமக்கெல்லாம் கோவம் வரும் இல்ல? (எனக்கும்தான். நான் சாப்பிட்டு வளர்ந்த முட்டை.) ஆனா அவங்க திட்டத்தைக் குறை சொல்லல. நன்மை இருக்குன்னு நம்பிக்கிட்டே இருக்கோம், அளந்து பாத்த கணக்கு எங்கன்னு கேக்குறாங்க. டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ற பொட்டி தட்டுற கோஷ்டியில இருக்கிற எனக்கு சுருக்னு இருந்துச்சு.

படிச்சுக்கிட்டே போனப்ப தேசிய மாதிரி சர்வேயோட கோட் லிஸ்ட் ஒண்ணு கண்ணுல பட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். 92-ன்னா வீட்டு வேலை மட்டும். 93-ன்னா வீட்டு வேலையோட, வீட்டு உபயோகத்துக்காக விறகு பொறுக்குறது, தையல், நெசவு இந்த மாதிரியும். ரெண்டுமே தொழிலாளர் கணக்குக்கு வெளியே. முறைப்படி பாத்தா, காசு வாங்கித் தைக்கிற எங்கம்மா அந்த ரெண்டுலயும் வரக்கூடாது, தொழிலாளி லிஸ்ட்ல வரணும். ஆனா கணக்கெடுக்க வந்தவர் வாசல்ல நின்னு "வேலைக்குப் போறீங்களா?"ன்னு கேட்டா என்ன பதில் வரும்? "சும்மாதான் இருக்கேன்." டிக். 93. அந்தப் பக்கம் சர்வே எடுத்தவரும் பொய் எழுதல, இந்தப் பக்கம் அம்மாவும் பொய் சொல்லல. டேட்டா மட்டும் தப்பு.

அதனாலதான் கேள்வியையே மாத்தி, நேத்து காலைல எந்திரிச்சதுலேர்ந்து என்ன செஞ்சீங்கன்னு மணிக்கணக்கா கேக்குற சர்வே வந்தது. 1998-99-ல முதல் தடவையா ஆறு மாநிலத்துல எடுத்தாங்க, தமிழ்நாடும் அதுல ஒண்ணு. 2019-ல நாடு முழுக்க. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்ற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவு பண்றாங்க. செய்ற ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல அது 289, 88 ஆச்சு. நாம நம்ம பங்கையும் குறைச்சிக்கிட்டோம், கவனிச்சீங்களா?

வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்னும் பத்மினி அம்மா விடல. கூலி வேலையே பெண்களுக்கு எப்படி இன்னொரு வேதனையாகுதுன்னு 2005-ல ஒரு கட்டுரை இருக்கு. என் டீம்ல ஒரு பொண்ணு ராத்திரி எட்டரைக்கு ஆணி புடுங்கி முடிச்சிட்டு, கேப்ல ஏறின உடனே மாமியாருக்கு போன் பண்ணி மாவு இருக்கான்னு கேப்பாங்க. நான் ஹெட்போன் மாட்டிட்டுத் தூங்கிடுவேன்.

சரி, நம்ம பங்குக்கு ஒரு சர்வேன்னு, போன சனிக்கிழமை லேப்டாப்ல எக்செல் தொறந்து வெச்சு அம்மாவை அரைமணிக்கு ஒரு தடவை குறிச்சேன். அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சது. பன்னெண்டு மணிக்குள்ள 'சும்மா'ங்கற காலத்துல ஒரு டிக் கூட விழல. "என்னடா பண்ற?"ன்னு எட்டிப் பாத்தாங்க. சொன்னேன். "வேலை இல்லாதவன் செய்ற வேலை. எந்திரிச்சு அந்த தேங்காயை ஒடைச்சுக் குடு."

நேத்து திரும்ப டாக்டர்கிட்ட போனோம். உள்ள போனதுமே நான் முந்திக்கிட்டு, "சார், அம்மா இருபது வருஷமா கைத்தையல் வேலை பாக்குறாங்க, புடவைக்கு ஃபால்ஸ்"னேன். டாக்டர் நிமிர்ந்து பாத்தார். "இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா?"ன்னுட்டு, மணிக்கட்டு நரம்புக்கு ஒரு டெஸ்ட் எழுதினார். ராத்திரிக்குப் பட்டை, ஆறு வாரம் ஊசி தொடக்கூடாது.

வெளியில வந்து ஆட்டோவுக்கு நிக்கும்போது அம்மா முகத்தைத் தூக்கி வெச்சிருந்தாங்க.

"ஏண்டா அப்படிச் சொன்ன? சம்பாதிக்கிறவன்னு நெனச்சு ஃபீஸைக் கூட்டிடப் போறார்."