ஈஸ்ட் ஹாமில் ஒரு மருந்துக் கடை

கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கிறது. பாதி மாம்பலம்தான், போங்கள்! என் கவலை வேறு. இடுப்பில் பத்து மாதக் குழந்தை. கொண்டுவந்த மாலா-டியில் மிச்சம் ஒரே அட்டை. ஆள் பழகாத ஊரில் அதற்குள் இன்னொன்று என்றால்?

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா சிரித்தார். "விசாவோட வைத்தியத்துக்கும் காசு கட்டினனீங்கள்தானே? பிறகென்ன யோசனை?"

வாஸ்தவம். 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. விசா எத்தனை வருஷமோ அத்தனைக்கும் முன்கூட்டியே வாங்கி விடுகிறார்கள். மூச்சு முட்டும் தொகைதான். ஆனால் அப்புறம் அரசு வைத்தியம் நமக்கும் உண்டு. மற்ற மருந்துக்குப் பத்துப் பவுண்டுக்குக் கிட்ட ஆகிறது; கருத்தடை மாத்திரை, காப்பர்-டி இரண்டுக்கும் காலணா வேண்டாம்.

2023 டிசம்பரிலிருந்து பல மருந்துக் கடைகளில் டாக்டர் சீட்டே இல்லாமல் மாத்திரை தருகிறார்கள். உள்ளே சின்ன அறை. மருந்தாளுநர் அம்மாள் ரத்த அழுத்தம் பார்த்தார். ஒற்றைத் தலைவலி உண்டா, பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். மாலா-டி அட்டையைக் காட்டினேன். அதே மருந்து, அதே அளவு, இங்கே வேறு பெயர்! கடைசி ஏழு இரும்புச் சத்து மாத்திரைகள்தான் இதில் இல்லை.

கிளம்பும் சகோதரிகளே, மூன்று மாத மாத்திரையை அட்டையோடு கைப்பையில் வையுங்கள். இறங்கிய வாரமே வட்டார டாக்டரிடம் குடும்பத்தோடு பெயர் பதியுங்கள். முகவரிச் சான்று இல்லையென்று அவர்கள் மறுக்கக் கூடாது.