கடற்பசுவும் மீனவன் கடனும்

மன்னார்த் தீவைச் சூழ்ந்த ஆழமற்ற கடலின் அடியிலே பரந்த புல்வெளிகள் உண்டு. அப்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணியே கடற்பசு. கடற்பன்றி என்றும், எதிர்க்கரையில் ஆவுளியா என்றும் இதனை அழைப்பர். நாளொன்றுக்கு 40 கிலோகிராம் வரை புல் தின்னும் இது, மீனன்று; குட்டி ஈன்று பாலூட்டும் இனம். நம்மைப் போலவே காற்றைச் சுவாசிப்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். வலையிற் சிக்கி மேலே வர இயலாதபோது மூச்சுமுட்டி மாண்டுபோகிறது.

இதன் பெருக்கமோ மிக மெதுவானது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். இன்று இழந்த ஒரு தாயை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் வேண்டும். இதன் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு, 1741இல் வடபசுபிக்கிலே கண்டறியப்பட்டு, இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு, 27 ஆண்டுகளுக்குள் உலகைவிட்டே மறைந்தது.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. கடற்பசுவைக் கொல்வது குற்றம். கடற்புல்லை வேரோடு வாரும் இழுவைமடித் தொழில் 2017இல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் வெடிவைத்து மீன்பிடித்தலும், களவாக இறைச்சி விற்றலும் அற்றுப்போகவில்லை.

இதனை வகுப்பில் விளக்கியபோது, மீனவர் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், வலையை அறுத்து அதை விட்டுவிட்டால், வலைக்கு வாங்கின கடனை ஆர் கட்டுவது?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. நியாயமான வினா! உயிரைக் காக்கும் புண்ணியம் ஊருக்கெல்லாம், நட்டம் மட்டும் ஏழை மீனவனுக்கு என்பது என்ன நீதி?

விடை எதிர்க்கரையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டரசு 2022இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. வலையிற் சிக்கியதை உயிருடன் விடுவிக்கும் மீனவர்க்கு அங்கே வெகுமதியும் வழங்கப்படுகிறது. இங்கும் அறுபட்ட வலைக்கு அரசும் சங்கங்களும் ஈடு கொடுத்தல் வேண்டும்.

கரையிலிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. வாங்குவாரின்றேல் விற்பாருமில்லை. அந்த இறைச்சி நமது அடுக்களைக்குள் புகாதிருக்கட்டும். பசுவைத் தாயென்று போற்றும் நாம், கடலிலே மேயும் பசுவையும் மறவாதிருப்போமாக.