கடல்மேல் ஒரு பசியாறல்



காலையில் உண்ணும் உணவைக் 'காலைச் சிற்றுண்டி' என்று ஏட்டில் எழுதுகின்றோம். 'நாஸ்தா' என்று நம்மில் பலர் சொல்கின்றோம். எங்கள் கடற்கரை ஊர்களில் வழங்கும் சொல்லோ 'பசியாறுதல்' என்பதாகும். "பசியாறியாச்சா?" என்று காலையில் ஒருவரைக் கேட்பது நலம் விசாரிப்பதற்குச் சமம். இந்தச் சொல் நம் முன்னோருடன் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. அங்குள்ள தமிழர் நாவில் இன்றும் காலை உணவைக் குறிக்கும் சொல்லாக அது வாழ்ந்துகொண்டிருக்கின்றது. அந்தக் கடலிலேயே மூன்று காலைப்பொழுதுகள் பசியாறிய அனுபவத்தைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சிங்கப்பூரில் பணியாற்றும் எங்கள் மகன், 2025 ஜனவரியில் என்னையும் என் கணவரையும் எழுபத்தைந்து வயதான என் மாமியையும் பினாங்கு சென்று திரும்பும் சுற்றுலாக் கப்பலில் அழைத்துச் சென்றான். மூன்று இரவுப் பயணம். "சூதாட்டமும் மதுவும் உள்ள இடத்தில் நமக்கென்ன வேலை?" என்று புறப்படுமுன் உறவினர் சிலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கின்றது. அவையெல்லாம் கப்பலில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றிற்கென்று தனித் தளங்களும் தனிக் கதவுகளும் உண்டு. அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நம் கையில். போகாமல் இருக்க முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதுதான் உணவுக்கூடம்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கூடத்தினுள் நுழைந்தபோது மலைத்துப்போனோம். ஒரு புறம் ஐரோப்பிய ரொட்டி வகைகள், வெண்ணெய், பழக்கூழ்கள். இன்னொரு புறம் சீனர்களின் அரிசிக் கஞ்சியும் ஆவியில் வெந்த பொட்டலங்களும். மற்றொரு புறம் இட்லி, உப்புமா, பூரி. நடுவிலே கேட்ட வண்ணம் முட்டை பொரித்துத் தரும் சூடான இரும்புக்கல். பழங்களுக்கோ கணக்கில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மலாக்கா நீரிணை பாய் விரித்தாற்போல் அமைதியாகக் கிடந்தது. அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டித்தான். சுபுஹுத் தொழுகைக்கும் உணவுக்கூடம் திறப்பதற்கும் இடையே நெடுநேரம் இருக்கின்றது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் சொல்கின்றேன்.

என் மாமிக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு. உணவுக்குச் சற்று முன்னர் ஒரு மாத்திரை. அதன்பின் கட்டாயம் பசியாற வேண்டும். அன்றும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். வந்தவர்களின் பார்வை பன்றி இறைச்சித் துண்டுகள் அடுக்கிய தட்டில் விழுந்தது. பக்கத்திலேயே முட்டை. இரண்டிற்கும் ஒரே இடுக்கி. அவ்வளவுதான்! "எனக்கு ஒன்றும் வேண்டாம், மகளே. ஒரு கோப்பைத் தேநீர் போதும்" என்று அமர்ந்துவிட்டார்கள். "பழம் இருக்கிறது, இட்லி இருக்கிறது" என்று என் கணவர் எடுத்துச் சொன்னார். "எந்தக் கை எதைத் தொட்டதோ!" என்றார்கள். வாதம் செய்யப் பயனில்லை. ஐயம் புகுந்த உள்ளத்திற்கு உணவு இறங்காது.

சர்க்கரையில்லாத் தேநீரை இரண்டு மிடறு குடித்தார்கள். சற்று நேரத்தில் நெற்றி வியர்த்தது. கோப்பையைப் பிடித்த விரல்கள் நடுங்கின. பேச்சு குழறியது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதற்கான அடையாளங்கள் இவை என்பதை நீரிழிவாளர் உள்ள வீட்டார் அறிவர். என் மகன் ஓடிப்போய் அரைக் கோப்பை ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தான். அதைக் குடிக்கச் செய்து, என் கைப்பையிலிருந்த பேரீச்சம்பழம் மூன்றைக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். இத்தகைய வேளையில் இனிப்பான ஒன்றை உடனே கொடுக்க வேண்டும்; நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊட்டலாகாது, மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை ஏழு என்றால் ஊரில் அதிகாலை நாலரை. வயிறும் மாத்திரையும் புதிய நேரத்திற்குப் பழகுமுன் இத்தகைய தடுமாற்றம் எளிதில் நேரும். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று பயணத்திற்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று.

பிறகு உணவுக்கூடப் பொறுப்பாளரைத் தேடிப் பிடித்தோம். அவர் முகம் கோணாமல் கேட்டு, வேறொரு தளத்தில் தனிச் சமையலறையுடன் ஹலால் உணவுப் பகுதி இருப்பதைச் சொல்லி, தாமே எங்களை அழைத்துச் சென்றார். அங்கே தொப்பியணிந்த இந்தோனேசியச் சமையற்காரர் ஒருவர் நின்றிருந்தார். மாமியின் முக்காட்டைப் பார்த்தவுடன் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னார். மாமிக்கு அவர் மொழி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஸலாமுக்குப் பதிலும் 'ஹலால்' என்ற ஒரு சொல்லும் போதுமானதாக இருந்தன. "பிஸ்மில்லாஹ்" என்று மாமி கையலம்பி அமர்ந்தபோதுதான் எங்களுக்கும் பசிக்கத் தொடங்கியது.

எல்லாக் கப்பலிலும் இந்த வசதி இருக்குமென்று எண்ணிவிடாதீர்கள். சீட்டு வாங்குமுன்னரே எழுதிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? தனிச் சமையலறை உண்டா, பொரிக்கும் கல்லும் எண்ணெயும் வேறா என்பனவற்றுடன், தயிர் வகைகளிலும் கூழ்ப்பண்டங்களிலும் சேரும் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகின்றார்கள். பன்றித் தோலிலிருந்தும் மாட்டு எலும்பிலிருந்தும் ஜெலட்டின் எடுக்கப்படுகின்றது. பார்வையில் வேற்றுமை தெரியாது. இவ்வசதி எதுவும் இல்லாத கப்பலானால் தோலுரித்து உண்ணும் வாழைப்பழம், ஆரஞ்சு, ஓட்டுடன் அவித்த முட்டை ஆகியவற்றை நம்பிப் பசியாறலாம்.

இனி, நாங்கள் உண்டதைச் சொல்கின்றேன்.

முதலிடம் நாசி லெமாக்கிற்குத்தான். தேங்காய்ப்பாலில் 'பாண்டான்' இலை போட்டு வேகவைத்த சோறு. நம் வீடுகளில் பிரியாணிக்குப் போடுகிறோமே ரம்பை இலை, அதுதான் இது. பக்கத்தில் காரமான சம்பல், பொரித்த நெத்திலி, வறுத்த நிலக்கடலை, வெள்ளரித்துண்டு, முட்டை. நம் தேங்காய்ப்பால் சோற்றின் உடன்பிறப்பென்றே சொல்லலாம். காலையிலேயே சோறா என்று தயங்கிய என் கணவர் இரண்டாம் முறையும் வாங்கி வந்தார். சம்பலில் 'பெலாச்சான்' என்னும் கூனி இறால் பசை சேர்வதுண்டு. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த எங்களுக்கு அதில் தடையில்லை. இறாலைத் தவிர்க்கும் ஹனஃபிச் சகோதரர்கள் கேட்டு உண்பது நல்லது.

அடுத்தது 'ரொட்டி சானாய்'. சிங்கப்பூரில் இதையே 'பிராட்டா' என்பர். பெயரைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும், நம் பராட்டாதான்! மாவை வீசி வீசித் துணிபோல் மெல்லியதாக்கி மடித்துச் சுட்டு, பருப்பாணத்துடன் தருகின்றார்கள். எதுவும் சேராத வெறும் ரொட்டிக்கு 'ரொட்டி கோசோங்' என்று பெயர். 'கோசோங்' என்றால் மலாய் மொழியில் வெறுமை.

பானங்களில் 'தே தாரிக்' தான் அரசன். 'தாரிக்' என்றால் இழுத்தல். கெட்டிப்பால் கலந்த தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றிற்கு உயரத் தூக்கி ஆற்றி, நுரை பொங்கத் தருவது. நம்மூர்த் தேநீர்க் கடையில் ஆற்றுவதுதான். அங்கே அது ஒரு கலையாகிவிட்டது. இனிப்பு மிக அதிகம். மாமி போன்றோர் 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் கிடைக்கும். காப்பிக்கு 'கோப்பி ஓ கோசோங்'. இந்த நான்கு சொற்களை மாமி இரண்டாம் நாளே மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை கொண்டு கிளறிய 'காயா' என்னும் இனிப்பைத் தடவிய வாட்டு ரொட்டியும் உண்டு. நம் வட்டிலப்பத்தைக் குழைத்து ரொட்டியில் பூசினாற்போல் இருந்தது என்பேன். அதனுடன் அரைவேக்காட்டு முட்டையில் மிளகுத்தூளும் சோயாச் சாறும் விட்டு உண்கின்றார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. வயதானோருக்கு நன்கு வெந்த முட்டையே பாதுகாப்பு.

இந்த உணவுகளில் நமக்கொரு பங்கு இருக்கின்றது, சகோதரிகளே! மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அதில் பெயர் சொல்லிப் பேசப்படுபவை நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக். பின்னிரண்டையும் அம்மண்ணில் வளர்த்தவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். 'மாமாக்' கடை என்று மலேசியர் அழைப்பது நம்மவர் கடையைத்தான். 'மாமா' என்ற நம் சொல்லே அங்ஙனம் ஆயிற்று. பினாங்கின் புகழ்பெற்ற 'நாசி கண்டார்' உணவின் பெயர்கூட, சோற்றையும் ஆணத்தையும் தோளில் காவடிபோல் தூக்கி விற்ற அந்த மக்களின் உழைப்பிலிருந்து பிறந்ததுதான். 'கண்டார்' என்பது அந்தக் காவுதடியைக் குறிக்கும்.

காலஞ்சென்ற என் மாமனாரும் அவர்களுள் ஒருவர். திருமணமான ஆறாம் மாதம், 1968 இல், நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கு சென்றவர். 1926 இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை நம் மக்களைச் சுமந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களே அதில் மிகுதி. மாமி கட்டிக்கொடுத்த பொரிமாவையும் எலுமிச்சை ஊறுகாயையும் வைத்தே காலையில் பசியாறியதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தாராம். பினாங்கில் ஒரு தேநீர்க் கடையில் ஒன்பது ஆண்டுகள் தேநீர் ஆற்றினார். அந்தத் தேநீரை மாமி ஒருநாளும் கண்டதில்லை.

கப்பல் பினாங்கை அடைந்த காலையில், தளத்தில் நின்று மாமி ஒரு கோப்பை தே தாரிக் கேட்டார்கள். "சர்க்கரை, மாமி!" என்றேன். "தெரியும். இரண்டு மிடறுதான்" என்றார்கள். சொன்னபடியே இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை என் கணவரிடம் நீட்டினார்கள். கரையிறங்கியதும் துறைமுகத்திற்கு அருகிலேயே உள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைக் காணச் சென்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளி அது.

கூடத்தில் கண்ட ஒரு காட்சியையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், மலைபோல் குவித்துவிட்டுப் பாதியை அப்படியே விட்டு எழுவோர் ஏராளம். அவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்பதே வேதனை. மாமியின் தட்டோ மூன்று நாளும் கழுவி வைத்தாற்போல் இருந்தது. பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், முதலில் சிறிது எடுத்து, பிறகு மீண்டும் எழுந்து செல்லப் பழக்குங்கள்.

கடல் குமட்டலுக்கு அஞ்சுவோர் வெறும் வயிற்றுடன் இருக்கலாகாது; எண்ணெய்ப் பண்டமும் ஆகாது. உலர்ந்த ரொட்டி, ஆப்பிள், இஞ்சித் தேநீர் போதும். கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் குறைவு.

கடைசி நாள் பயணிகளை இறக்கும் பரபரப்பில் காலை உணவை விரைவாக முடித்துவிடுகின்றார்கள். பிறகு வரிசையில் நெடுநேரம் நிற்க நேரிடும். கப்பலின் உணவைக் கரைக்கு எடுத்துச் செல்லப் பொதுவாக விடமாட்டார்கள். மாமி அன்று வேளையோடு எழுந்து, தொழுது, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தின் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நின்றார்கள். தட்டில் ரொட்டி கோசோங் ஒன்று, அவித்த முட்டை ஒன்று. மாத்திரை அதற்குப் பிறகுதான் வாய்க்குள் போயிற்று.