லினக்ஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு தாளும் பேனாவும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டோட வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. அதுலேர்ந்து நம்மாளுங்க வீட்டுக்குப் போனா காப்பியோட பழைய மடிக்கணினியும் வருது. "இதுல லினக்ஸ் போட்டுக் குடுப்பா!"

போடுறது அரைமணி நேர வேலைதாங்க. வன்தட்டை எப்படிப் பிரிக்கிறதுங்கிறதுக்குத்தான் யோசிக்கணும். காதுகுத்துப் படங்கள், பாட்டி பேசின குரல்பதிவு எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு.

500 ஜிபி வட்டு, லினக்ஸ் மட்டும்னு வச்சுக்குவோம். (விண்டோஸ்ல 465-னு காட்டும். பயப்படாதீங்க, யாரும் திருடலை. தயாரிப்பாளர் ஆயிரத்தால பெருக்குறார், விண்டோஸ் 1024-ஆல பெருக்குது.) என் கணக்கு இது:

இஎஃப்ஐ - 1 ஜிபி, ஃபேட்32. பொட்டி கிளம்புறதுக்கு.
ரூட் - 60 ஜிபி, எக்ஸ்ட்4. இயங்குதளமும் மென்பொருளும்.
ஹோம் - மிச்சம் மொத்தமும். நம்ம கோப்புகள்.

ஸ்வாப்புக்குத் தனி அறை கட்டாயமில்லை. 2017-ல வந்த உபுண்டு 17.04-லேர்ந்து அது ஒரு கோப்பாவே வந்துடுது. ஹைபர்னேட் வேணும்னா மட்டும் ரேம் அளவுக்குக் குறையாம தனியா ஒதுக்குங்க.

ஹோம் ஏன் தனியா? வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறப்ப சாமான் இருக்கிற அறையைப் பூட்டி வைக்கிறோமில்ல, அதேதான். உபுண்டு எல்டிஎஸ் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு வருது. புதுசா நிறுவும்போது ரூட்டை மட்டும் ஃபார்மட் பண்ணி, ஹோமுக்கு அந்த டிக்கை எடுத்துட்டு, பழைய பயனர் பேரையே குடுத்தா எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கும். ஆனா "எரேஸ் டிஸ்க்"கை அமுக்கினா ரெண்டு அறையும் காலி. நாமளே பிரிச்சுக்கிற வழியைத் தேர்ந்தெடுங்க.

சுவர் வச்சா இடைஞ்சலும் உண்டு. ரூட் நிறைஞ்சா ஹோம்ல இருக்கிற காலியிடம் உதவாது. ஸ்னாப் மென்பொருளெல்லாம் ரூட்லதான் உட்காரும். 20 ஜிபியோட நிறுத்தாம 60 சொன்னது அதனாலதான்.

விண்டோஸும் கூட இருக்கணுமா? அதோட டிஸ்க் மேனேஜ்மென்ட்லயே இடத்தைச் சுருக்குங்க. பிட்லாக்கர் போட்டிருந்தா மீட்புச் சாவியை முதல்ல எழுதி வைங்க.

கடைசியா ஒண்ணு. ஹோம் தனியா இருக்கிறது பேக்கப் ஆகாது. வட்டு செத்தா எல்லா அறையும் சேர்ந்தே போகும். பிரிக்கத் தொடங்குறதுக்கு முன்னாடி வெளி வட்டுல ஒரு நகல் எடுத்து, நாலஞ்சு கோப்பைத் திறந்தும் பாத்துடுங்க. லினக்ஸை எத்தனை தடவை வேணாலும் போடலாம். பாட்டியை இன்னொரு தடவை பேசச் சொல்ல முடியாதுங்களே.